இன்னொருக்கா என்றால் மாட்டார்

அவரிடம் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார். கழுத்தில் தொங்கும் வேலை அட்டையைத் தூக்கிக் காட்டுவார். வாசித்துக்கொள் என்பது போல முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார். அட்டை இல்லாத இடங்களில், வங்கியிலோ டொக்டரிடமோ, பையைத் திறந்து ஏதாவது அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைப்பார். வாய் மட்டும் திறக்காது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குளிர் ஜாக்கெட் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தோம். நான் ஜாக்கெட்டின் முன்பக்கச் சிப் பூட்டைத் தைத்தேன். அவர் ஜாக்கெட்டோடு சேர்ந்த தொப்பியின் விளிம்பில் உரோமம் வைத்துத் தைத்தார். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் இலங்கைத் தமிழர்கள், எங்கள் ஆட்கள். இனுவிட் என்று அவர் ஒருவர்தான். கனடாவின் வட முனையில், மரம் முளைக்காத கடற்கரைகளில் வாழும் சனம் அவர்கள். நான் படித்த பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர்களுக்கு வேறு பெயர் போட்டிருந்தது. பனிக்கட்டி வீட்டுக்கு முன்னால் உரோம உடுப்போடு ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. அந்தப் படத்தின் கீழே இருந்த கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் எழுதியவள் நான். அந்தத் துணிவில்தான் முதல் நாளே அவரிடம் கேட்டேன். நாங்கள் பேசியது எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் பேச்சாகவே நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"நீங்களும் சின்னனிலை பனிக்கட்டி வீட்டிலையோ இருந்தனீங்கள்?"

அவர் மெஷினை நிறுத்தவில்லை. "நீ சின்னனிலை யானையிலையோ பள்ளிக்கூடம் போனனீ?"

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவர் பக்கத்திலேயே போய் இருந்தேன். வேறு எங்கே இருப்பது என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை. கூட்டமாக இருக்கும் மேசைக்கு நான் போக மாட்டேன். அவருடைய மேசையில் கூட்டம் இருக்காது.

அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட நல்ல மூத்தவர். மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது.

"அக்கா எண்டால் என்ன?"

சொன்னேன்.

"உது நல்லம். எங்கட ஆக்களும் முறை சொல்லித்தான் கூப்பிடுவினம். அப்ப நீ எனக்கு என்ன?"

"தங்கச்சி."

அன்றிலிருந்து நான் தங்கச்சி. எங்களிடமிருந்து "ஓம்" என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் பேசும்போதும் ஆம் என்பதற்கு ஓம்தான் சொல்வார். அதைவிட உறுதியான ஆம் தனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை என்பார்.

எங்கள் பெண்கள் அவரைத் திமிர் பிடித்த மனுசி என்றார்கள். எங்கள் சுப்பவைசர் அண்ணையும் அப்படித்தான் சொன்னார். அவருக்கு அக்காவோடு தினமும் ஒரு பிரச்சினை இருந்தது. வேலை அட்டையில் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். அக்கா அந்த எண்ணுக்கு மேல் ரேப் என்கிற கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி வைத்திருந்தார்.

"அம்மா தாயே, உதை உரியுங்கோ. எல்லாருக்கும் நம்பர் இருக்குத்தானே. எனக்கும் இருக்கு," என்று அண்ணை கெஞ்சுவார்.

"உனக்கு வேணுமெண்டால் நெத்தியிலை எழுது. அட்டையிலை கிடக்கிற கோடுகளை மெஷின் வாசிக்குது. சம்பளம் வருகுது. நம்பர் எனக்குத் தேவையில்லை."

ரேப் ஏன் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார். அவருடைய தாயின் காலத்தில், வடக்கில் உள்ளவர்களின் பெயர்கள் வாய்க்குள் நுழையவில்லை என்று அரசாங்கம் ஆளுக்கொரு எண் கொடுத்ததாம். ஒரு சின்ன வட்டத் தகட்டில் எண்ணை அடித்து, கழுத்தில் தொங்கவிடக் கயிறும் கொடுத்தார்களாம். கடைக்குப் போனால் எண். மருந்துக்குப் போனால் எண். அவர் பிறந்தபோது அவருக்கும் ஒரு தகடு வந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ரேப் ஒட்டும் துணிவு எனக்கு வரவில்லை.

சின்ன வயதில் அவருக்குச் சயரோகம் என்று கப்பலில் ஏற்றித் தெற்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தாய் கூட வரவில்லை. அங்கே ஒரு தாதிக்கு அவருடைய பெயர் கஷ்டமாக இருந்ததால் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டாராம்.

"கூப்பிட்டா. நான் திரும்பிப் பாக்கேல்லை. இன்னொருக்கா கூப்பிட்டா. திரும்பேல்லை. கடைசியிலை எனக்குக் காது கேளாது எண்டு முடிவெடுத்திட்டினம்." இதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு டொக்டர் வந்து காதுக்குப் பக்கத்திலை மணி அடிச்சுப் பாத்தார். நான் அசையேல்லை."

சிரித்து முடித்ததும், அந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று கேட்டேன். "நான் திரும்பிப் போகேக்கை அம்மா சொன்னது ஒண்டும் விளங்கேல்லை," என்றார். "பாஷை மறந்து போயிட்டுது. பிறகு முதலிலை இருந்து படிச்சன்."

இன்னொருக்கா. அதுதான் அவருக்குப் பிடிக்காத சொல். ஒரு தையல் பிழைத்தால் உரித்துவிட்டுத் திரும்பத் தைப்பார். அதில் அவருக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் பார்க்கிற ஒருவருக்காக, படத்துக்காக, இன்னொருக்கா செய் என்றால் செய்ய மாட்டார்.

ஒருமுறை கொம்பனி விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஓர் ஆளை அனுப்பியது. உயரமான, மரியாதையான மனிதன். அக்காவை எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். மெஷினில் இருந்து தைப்பதை எடுத்தான். பிறகு மெஷினை மறைத்துத் துணி போட்டான். கையில் ஊசியைக் கொடுத்தான். பிறகு ஒரு தோல் துண்டை நீட்டி, உங்கள் பெண்கள் தோலைப் பல்லால் கடித்துத்தானே பதமாக்குவார்கள், இதைக் கொஞ்சம் கடிக்க முடியுமா என்று கேட்டான். சுப்பவைசர் அண்ணை பக்கத்தில் நின்று, "கடியுங்கோ அம்மா, ஒரு நிமிஷ வேலை," என்றார்.

அக்கா தோலை வாங்கினார். வாய்க்குள் விரலை விட்டார். மேல் பற்கள் முழுவதையும் கழற்றி எடுத்தார். தோலை மேசையில் வைத்து, அதன் மேல் பல் செட்டை வைத்தார்.

"இந்தா. இது கடிக்கும். எடு படத்தை."

முழு வரிசையும் மெஷினை நிறுத்திவிட்டது. எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மனிதன் சிவந்துபோய், மன்னிக்கவேண்டும், தற்செயலாகக் கண்ணை மூடிவிட்டேன், அந்தப் பல்லைக் கழற்றுவதை இன்னொருக்கா செய்ய முடியுமா என்று கேட்டான். பகிடிக்குக் கேட்டானா உண்மையாகக் கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா பல்லைக் கழுவப் போய்விட்டார்.

என் மூத்த மகளின் கலியாணத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்தார். எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அடுத்த முக்கியமான ஆள் வீடியோக்காரர்தான். அவர் சொன்னால்தான் மாலை விழும். அவர் கை காட்டினால்தான் பாதர் கூட நிமிர்ந்து பார்ப்பார். மண்டபத்தில் மகள் விடைபெறும் நேரம் நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். பலருக்கு முன்னால் நான் அழுவதில்லை. அன்று வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வீடியோக்காரப் பெடியன் நிற்கிறான்.

"அன்ரி, அழுதது வடிவா வரேல்லை. பின்னாலை லைற் அடிக்குது. இந்தப் பக்கம் வந்து இன்னொருக்கா அழுங்கோ."

நான் இந்தப் பக்கம் வந்தேன். மகளைக் கட்டிப்பிடித்தேன். ஒன்றும் வரவில்லை.

"பரவாயில்லை அன்ரி. தோளை மட்டும் கொஞ்சம் குலுக்குங்கோ, காணும். மிச்சத்தை நான் மியூசிக்கிலை பாத்துக்கொள்ளுறன்."

குலுக்கினேன். அப்போதுதான் ஒரு நீலச் சட்டை எங்களுக்கும் கமராவுக்கும் நடுவில் வந்து நின்றது. ஒரு கையில் றோல்ஸ் பலகாரத் தட்டு.

"அவ அழுது முடிச்சிட்டா," என்றார் அக்கா.

"ஆர் அன்ரி உவ? கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கோ," என்று என்னிடம் தமிழில் சொன்ன பெடியன், அவரிடம் ஆங்கிலத்தில், "சொறி மேடம், ஜஸ்ட் வன் மோர்," என்றான்.

"நீ ஒருக்கா அழு. பாப்பம். பிறகு அவ அழுவா."

கலியாண வீடியோவில் அந்த இடத்தில் உருக்கமான இசையும் ஒரு நீல முதுகும் மட்டும் இருக்கிறது. மகள் அந்த இடத்தை வெட்டவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அன்று மண்டபத்துக்கு வெளியே, காருக்கு நின்றபோதுதான் அக்கா எனக்கு ஒரு பழைய சினிமாப் படத்தைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய தாயின் தகப்பன் ஒரு வேட்டைக்காரர். படம் எடுப்பது புதிதாக இருந்த காலத்தில், தெற்கிலிருந்து ஒருவர் கமராவோடு அவர்களிடம் வந்து ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கினார். பேசாத படம். நடிப்பு இல்லை, உள்ளதை உள்ளபடி எடுத்தது என்று சொல்லி உலகம் முழுவதும் காட்டினார்கள். அக்காவின் தாத்தாவிடம் அப்போதே சுடுகிற துவக்கு இருந்தது. அதை ஒளித்துவைக்கச் சொல்லி, அவருடைய தகப்பன் கைவிட்ட ஈட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். பனிக்கட்டி வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று வீட்டின் ஒரு பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மற்றப் பாதியில் பிள்ளைகளோடு படுத்து, சூடாகத் தூங்குவது போல இருக்கச் சொன்னார்கள். காற்று நேரே அடித்ததாம். இன்னொருக்கா. இன்னொருக்கா. மனைவியாக வருபவர் அவருடைய மனைவி இல்லை. உண்மையான மனைவியிடம் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. அது படத்தில் வரக்கூடாது என்று பனிச் சுவரோரம் தோலைப் போட்டு மூடிவைத்தார்கள். எலும்பு ஊசியால் தைப்பதை எடுத்தார்கள்.

"அந்த மெஷினிலைதான் அம்மா தையல் பழகினவ. அம்மாட்டை நான் பழகினன்," என்றார் அக்கா.

"தாத்தாவுக்குக் கோவம் வரேல்லையோ?"

"அவருக்கு எல்லாம் பகிடி. படத்திலை ஒரு இடத்திலை வானத்தைப் பாத்து ஏதோ சொல்லுவார். கடலின்ர ஆவியைக் கும்பிடுறார் எண்டு அடுத்ததா எழுத்துப் போடுவாங்கள். வாயைப் பாத்தால் எங்களுக்கு விளங்கும். 'என்ர கால் விறைக்குது, கெதியா முடி மடையா' எண்டு சொல்லுறார்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"பெயர்தான். அவற்ற பெயர் தெற்கிலை ஒருத்தருக்கும் வாயிலை வராதெண்டு வேறை பெயர் வைச்சிட்டாங்கள். நாய்க்குட்டிக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர். அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கத் தெரியும்."

அக்கா பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னர்தான் அந்தத் தாத்தா இறந்துபோனார். அவர்களுடைய வழக்கப்படி, போனவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பார்கள். ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. பெயரை வைத்தால் ஆள் திரும்பி வந்தது போல. அதனால் அக்காவை அவருடைய தாய் "அப்பா" என்றுதான் கூப்பிடுவாராம். அடிக்க மாட்டாராம். எனக்கு இது புதிதாக இருக்கவில்லை. என் தம்பிக்கு அப்பப்பாவின் பெயர். மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் அம்மா கடைசிவரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதைச் சொன்னேன்.

"பாத்தியோ," என்றார் அக்கா. "ஆனால் எங்கட வீட்டிலை இன்னொண்டும் இருக்கு. எல்லாரும் அப்பிடியோ தெரியாது, என்ர அம்மா கண்டிப்பு. தன்ர பெயரைத் தான் சொல்லக்கூடாது. பெயர் மற்ற ஆக்களின்ர வாயிலை இருந்துதான் வரவேணும். அப்பதான் அது பெயர்."

அப்போதுதான் எனக்கு வேலை அட்டை விளங்கியது.

அந்தப் படத்துக்கு நூறு வயது என்று இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னர் ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மண்டபத்தில் திரும்பக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். ஏற்பாட்டாளர் ஓர் இளம் பெண். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். தாத்தாவின் பேத்தி இங்கேயே இருக்கிறார் என்று அறிந்து தொழிற்சாலை வாசலுக்கே பூவோடு வந்தாள். உரோம உடுப்பில் மேடைக்கு வரமுடியுமா என்று கேட்டாள்.

"உடுப்பு நான் பாத்துக்கொள்ளுறன். படம் தொடங்க முதல் அவற்ற உண்மைப் பெயரைத் திரையிலை போடு. அது காணும்."

பழைய படத்தில் கை வைக்க முடியாது என்றாள் அந்தப் பிள்ளை. தொடக்கத்தில் அனுசரணையாளர்கள் பேசுவார்கள், நேரம் இல்லை. படம் முடிந்தபின் கலந்துரையாடலில் சொல்லலாம்.

"முடிஞ்ச பிறகோ? அதுவரைக்கும் அவர் அந்தத் திரையிலை நாய்க்குட்டியா இருக்கவேணுமோ?"

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இல்லை என்றுதான் சொன்னாள்.

அக்கா வேறு வழி கண்டுபிடித்தார். பேசாத படம்தானே. நடுவில் எழுத்து வரும். பொய்ப் பெயர் எழுத்தில் வரும்போதெல்லாம், வடக்கிலிருந்து வரும் அவருடைய மருமகனும், அதாவது அண்ணன் மகனும், அவன் மனைவியும் எழுந்து உண்மைப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான். அவர் தானே கூப்பிட முடியாது. அது அவருடைய பெயருமல்லவா?

படம் காட்டுவதற்கு முதல் நாள் வடக்கில் பனிப்புயல். விமானம் எழும்பவில்லை.

மறுநாள் வேலையில் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் மெஷினை நிறுத்திப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி. பின்னேரம் நீ வாறாய்தானே?"

"வாறன்."

"அப்ப நீதான்."

கோவிலில் வாசகம் வாசிக்கச் சொல்லிப் பாதர் கேட்டபோது தொண்டை நோ என்று சொல்லித் தப்பியவள் நான். டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் தேநீர் மாறி வந்தால் அதையே குடித்துவிட்டு வருபவள்.

"அக்கா, எனக்கு ஏலாது. எனக்குச் சத்தம் வராது. அதோடை உங்கட பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை."

"எனக்கும் என்ர பெயரைச் சொல்ல ஏலாது. நீயும் சொல்லாட்டில் அவங்கள் வைச்ச பெயர்தான் மிச்சம். அங்கை திரையிலை அவரை மட்டும் இல்லை, என்னையும்தான் அந்த நாய்ப்பெயர் சொல்லிக் கூப்பிடப் போறாங்கள்."

சாப்பாட்டு நேரத்தில் மருமகன் தொலைபேசியில் எனக்குப் பெயரைச் சொல்லித் தந்தார். அந்தப் பெயரின் நடுவே, தொண்டைக்குள் ஆழத்திலிருந்து வரும் ஓர் ஒலி இருக்கிறது. எங்கள் எழுத்தில் அதற்கு இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதவில்லை. பிழையாக எழுதி அவருக்கு இன்னொரு பொய்ப் பெயர் வைக்க நான் தயாரில்லை.

வேலை முடிந்து லோரன்ஸ் தெரு பஸ்ஸில் போகும்போது முணுமுணுத்துப் பழகினேன். அக்கா திருத்த முடியாது, தலையைத்தான் ஆட்டுவார். இல்லை. இல்லை. முன்னால் இருந்த கிழவர், எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பஸ் இறங்கும் இடத்துக்குக் கிட்ட, ஒருமுறை, அவர் தலையை ஆட்டாமல் என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. அக்கா எங்கள் தொழிற்சாலை ஜாக்கெட்டோடு முன் வரிசையில் இருந்தார். விளக்கு அணைந்தது. ஓரமாக ஒருவர் பியானோ வாசித்தார். பனி. கடல். ஒரு மனிதர் நடந்து வருகிறார். அக்காவின் நெற்றி. அக்காவின் கன்னம். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அந்த நாய்ப்பெயர்.

நான் எழும்பவில்லை. கால்கள் இருந்தன. எழும்பவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வெட்டிய வீட்டில் குழந்தைகள் வெறும் தோளோடு உரோமப் போர்வைக்குள் நுழைந்தார்கள். மூச்சு புகையாக வந்தது. ஒரு மூலையில், தோல் மூடிய ஒரு மேடு. அக்கா என் தொடையில் தட்டி அதைக் காட்டினார். தையல் மெஷின். மறுபடியும் எழுத்து வந்தது. மறுபடியும் அந்தப் பெயர். நான் இருந்தபடியே இருந்தேன்.

அடுத்து ஒரு வியாபாரி அவருக்கு ஒரு மணிக்கூட்டைக் காட்டுகிறான். அவர் அதைக் காதில் வைத்து, பயந்து, குலுக்கி, முகர்ந்து பார்க்கிறார். மண்டபம் முழுவதும் அன்பாகச் சிரித்தது. குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல. அவரிடம் சங்கிலி போட்ட சொந்த மணிக்கூடு ஒன்று இருந்தது என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். நேரம் பார்த்துத்தான் வலை இழுக்கப் போவாராம். சிரிப்பு அடங்கவில்லை. எழுத்து வந்தது. அந்தப் பெயர்.

நான் எழும்பிவிட்டேன். கூப்பிட்டேன்.

என் குரல் எனக்கே தெரியவில்லை. தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய அந்த ஒலி சரியாக வந்தது. பியானோக்காரரின் கை ஒரு கணம் தவறியது.

பக்கத்திலிருந்து, இருந்தபடியே, சத்தமாகப் பதில் வந்தது.

"ஓம்!"

பின்னால் சலசலப்பு. நான் உட்கார்ந்தேன். அடுத்த எழுத்து வந்தது. எழும்பினேன். கூப்பிட்டேன்.

"ஓம்!"

"ஷ்ஷ்!" என்றார்கள். ஒருவர், காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்றார். கையில் சின்ன லைற்றோடு ஓர் ஊழியர் குனிந்து வந்து, மேடம், தயவுசெய்து அமைதியாக இருங்கள், அல்லது வெளியே போகவேண்டி வரும் என்றார். என்னைத்தான் சொன்னார்.

அக்கா ஜாக்கெட்டின் கழுத்துப் பக்கம் கையை விட்டு வேலை அட்டையை வெளியே எடுத்தார். லைற்றுக்கு நேரே பிடித்தார்.

"இதை வாசி. அவ என்னைத்தான் கூப்பிடுறா. என்ர பெயர் சொல்லி என்னைக் கூப்பிடக் கூடாதோ?"

ஊழியர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். லைற்றை அணைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

படம் முடியும்வரை, அந்தப் பெயர் வந்த ஒவ்வொரு முறையும் நான் எழும்பினேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. தாத்தா வானத்தைப் பார்த்து வாயசைத்த இடத்தில் அக்கா தனியாக உரத்துச் சிரித்தார். கடைசிப் பகுதியில் எங்களை யாரும் அடக்கவில்லை. மணிக்கூட்டுக்குச் சிரித்தவர்கள் பிறகு எதற்கும் சிரிக்கவுமில்லை.

வெளிக் கூடத்தில் ஜாக்கெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஏற்பாட்டாளர் பிள்ளை ஓடிவந்தாள். பின்னால் ஒரு கமராக்காரன். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. அது பொய்யில்லை.

"அன்ரி," என்றாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். "நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய விஷயம். உள்ளே இருட்டு, எங்களுக்கு ஒன்றும் பதிவாகவில்லை. இந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்று, அந்தப் பெயரை இன்னொருக்கா கூப்பிட முடியுமா? அவரும் பதில் சொல்லட்டும்."

கமராக்காரன் லைற்றைப் போட்டான். கூடத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தன் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். என் முறை என்று விட்டுவிட்டார்.

அக்கா இப்போது ரொறன்ரோவில் இல்லை. வடக்கே, மருமகனின் வீட்டோடு போய்விட்டார். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது கழற்றிய பல்லும் இல்லை, நீல முதுகும் இல்லை. கையுறைக்குள் ஒவ்வொரு விரலாக நிதானமாக நுழைத்துக்கொண்டு அவர் அன்று காத்திருந்த விதம்தான்.

"இல்லை," என்றேன் அந்தப் பிள்ளையிடம்.

எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்காத என் குரல் அந்தக் கூடத்தின் மறு கோடிவரை கேட்டது. அதனால் அதையும் இன்னொருக்கா சொல்ல வேண்டி வரவில்லை.